நடுவுலவ வயிற்றில் இருந்த வருஷம்

தேதிகளில் நான் தவறுவதில்லை என்று எங்கள் வீட்டில் ஒரு பேச்சு உண்டு. நானும் அதை மறுத்ததில்லை. வேலையில் சேர்ந்த நாள், மகளுக்கு முதல் பல் தெரிந்த நாள், மாடியில் தண்ணீர்த் தொட்டி மாற்றிய நாள் எல்லாமே கிழமையோடு என் நாட்குறிப்பில் இருக்கும். அப்படிப்பட்ட நான்தான் என் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வை ஆனித் தேரோட்டத்தன்று வைத்துக்கொண்டேன். அதுவும் திருநெல்வேலி டவுனில், வடக்கு ரத வீதியை ஒட்டிய சந்தில் குடியிருந்துகொண்டு.

நடந்தது இதுதான். என் நெறியாளர் தேதி கேட்டதும், நான் வேலை பார்க்கும் பள்ளியின் கால அட்டவணை, கணவரின் ஷிப்டு அட்டவணை, மகளின் தடுப்பூசி அட்டை மூன்றையும் மேசையில் பரப்பினேன். மூன்றுக்கும் இடைஞ்சல் இல்லாமல் ஒரே ஒரு புதன்கிழமை அகப்பட்டது. அதைச் சொல்லிவிட்டேன். பஞ்சாங்கத்தைப் பார்க்கவில்லை. தேரோட்டம் நட்சத்திரத்தைப் பார்த்து வருவது. நாள்காட்டியில் அது சிவப்பு மையில் இருக்காது. உள்ளூர் விடுமுறை என்று அறிவிப்பு வந்தபோது, வெளியூர்த் தேர்வாளர் போக வர ரயில் டிக்கெட் எடுத்திருந்தார்.

நெறியாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். அவரும் இரண்டு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே படித்து முடித்தவர்.

"தாத்தா காலத்துல ஆத்துத் தண்ணி எப்பத் தெறந்தாங்கன்னு கேட்டா டக்குனு சொல்லுதிய. உங்க வாசல்ல தேர் வாற தேதி தெரியலையாக்கும்" என்றார். பிறகு அவரே அலைந்து, விடுமுறை நாளில் துறையைத் திறக்க அனுமதி வாங்கினார். அந்தத் தேதியை விட முடியாது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். பிரசவத்துக்காக எனக்கு ஒருமுறை கால நீட்டிப்பு கொடுத்தாகிவிட்டது. இன்னொரு நீட்டிப்பு கிடையாது. அன்று நடக்காவிட்டால் ஆறு வருஷ வேலை அப்படியே போய்விடும்.

என் ஆய்வு, தாமிரபரணிக் கால்வாய்களில் கார் சாகுபடிக்கும் அதற்கடுத்த போகமான பிசானத்துக்கும் தண்ணீர் திறந்த நாட்களைப் பற்றியது. பதிவேடுகளில் இருந்ததை ஒரு பக்கமும், வயலில் நாற்று நட்ட பெண்கள் சொன்னதை மறுபக்கமும் வைத்து ஒப்பிட்டேன். சீவலப்பேரியில் நான் பேசிய பெண்கள் யாரும் வருஷத்தை எண்ணால் சொல்லவில்லை. "மூத்தவன் தவழும்போது", "இவளுக்குப் பால் மறக்கடிச்ச வருசம்" என்றுதான் சொன்னார்கள். முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது. பிறகு பிள்ளைகளின் பிறந்த தேதிகளை வாங்கிக் கணக்குப் போட்டபோது, பெரும்பாலும் பதிவேட்டோடு ஒத்துப்போனது. அந்தக் கணக்கையே மூன்றாம் அத்தியாயமாக எழுதினேன். அந்தப் பெண்களில் அதிகம் பேசியவர் ஒரு அக்கா. மூன்று பிள்ளைகளைப் பெற்று, மூன்று பேரையும் வரப்பில் தொட்டில் கட்டி வளர்த்தவர்.

தேரோட்டத்தன்று காலை ஆறு மணிக்குக் கணவர் கூப்பிட்டார். கூடங்குளம் பக்கம் ஓர் ஒப்பந்த வேலையில் இருக்கிறார். இரவு ஷிப்டு முடிந்து வந்து மகளைப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு.

"மாத்துக்கு வார ஆளுக்குக் காய்ச்சலாம். ரெண்டு மணிக்கு முன்ன என்னால கெளம்ப முடியாது."

"சரி" என்றேன். குழந்தைகள் காப்பகமும் அன்று விடுமுறை. பதினான்கு மாத மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் நின்றேன். வீதியில் மோர்ப் பந்தலுக்குப் பானை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

எட்டு மணிக்குக் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. சீவலப்பேரி அக்கா, கையில் ஒரு பை நுங்கோடு நின்றார். வருஷம் தவறாமல் டவுன் பஸ் ஏறி வந்து வடம் பிடிப்பவர். செருப்பையும் பையையும் எங்கள் வீட்டில் போட்டுவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறார்.

"என்ன டீச்சர், மூஞ்சி இப்படிக் கெடக்கு?"

சொன்னேன்.

"எத்தன மணிக்கு?"

"பதினோரு மணிக்கு."

"பிள்ளையக் கொண்டாங்க. நானும் வாரேன்."

"வடம் பிடிக்கத்தானக்கா வந்திய?"

"தேரு எங்க போயிரப் போவுது? சாயங்காலம் வரைக்கும் இங்கனதான் நிக்கும். உங்க பெரிய வாத்தியாருதான் ரயிலப் பிடிக்கப் போயிருவாரு." என்னை மேலும் கீழும் பார்த்தார். "சேலையக் கொஞ்சம் எறக்கிக் கட்டுங்க. நாத்து நடப் போற மாதிரி சொருவி வச்சிருக்கிய."

ரத வீதிகளில் வண்டி விடவில்லை. காட்சி மண்டபம் வரை நடந்தால்தான் ஆட்டோ. கூட்டத்துக்குள் அக்கா மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு முன்னால் போக, நான் மடிக்கணினிப் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பின்னால் போனேன்.

"அண்ணாச்சி, வழி விடுங்க. பரிச்சைக்குப் போற பிள்ள" என்று சொல்லிக்கொண்டே போனார். எனக்கு முப்பத்தாறு வயது. வழிவிட்டவர்களில் ஒருவர், "நல்லா எழுதும்மா" என்று வாழ்த்தினார்.

ஆட்டோவில் மகளுக்குப் பால் கொடுத்தேன். பல்கலைக்கழகத்துக்குள் நுழையும்போது மணி பத்து ஐம்பது.

வாய்மொழித் தேர்வு எங்கள் வழக்கப்படி பொதுவானது. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். விடுமுறை என்பதால் பத்துப் பேர்கூட இல்லை. அக்கா கடைசி வரிசையில், தூங்கும் மகளை மடியில் போட்டு உட்கார்ந்தார். அரை மணி நேரம் தடங்கல் இல்லாமல் பேசினேன். மூன்றாம் அத்தியாயத்துக்கு வந்து, வைகாசிக் கடைசியில் திறக்க வேண்டிய தண்ணீர் ஆடி பாதி கழிந்து வந்த ஒரு வருஷத்தைப் பற்றிச் சொன்னேன். "இளைய மகள் வயிற்றில் இருந்த வருஷம்" என்பது சாட்சியம். பதிவேட்டில் அந்தத் தாமதம் இரண்டு வருஷம் முன்னாலேயே இருந்தது. எழுதிய எழுத்தர் வருஷத்தை மாற்றிப் பதிந்திருக்க வேண்டும் என்று அடிக்குறிப்பில் எழுதியிருந்தேன்.

தேர்வாளர் கேள்விகளை முடித்துவிட்டு, அவையில் யாருக்காவது கேட்க இருக்கிறதா என்றார். அது ஒரு சடங்கு. யாரும் கேட்பதில்லை.

"கேள்வி இல்லய்யா" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "டீச்சர், அது இளையவ இல்ல. நடுவுலவ."

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா யாரு?"

"அந்தச் சாட்சியம் சொன்னவங்க" என்றார் நெறியாளர், மெதுவாக.

"எப்படிம்மா அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?" என்றார் தேர்வாளர்.

அக்கா என் மகளைத் தட்டிக்கொண்டே எழுந்தார். "மூத்தவனுக்கும் இளையவளுக்கும் நட்டுக்கிட்டு நிக்கையிலதான்யா வலி வந்துச்சு. நடுவுலவளுக்கு அஞ்சாம் மாசம், ஆத்துல தண்ணி வரல. தண்ணி வராம நடவு இல்ல. வீட்டுலயே கெடந்தேன். அவ ஒருத்தி வயித்துல இருக்கும்போதுதான் பகல்ல நான் படுத்துத் தூங்கியிருக்கேன். அது மறக்குமா?"

தேர்வாளர் என் பக்கம் திரும்பினார். "நீங்க என்ன சொல்றீங்க?"

ஒரு நிமிஷம் வாதாடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் அந்த நேர்காணல் பக்கத்துக்கு என்ன ஆனது என்று எனக்குத் தெரியும். பிரசவத்துக்குப் பின் நேர்காணல் குறிப்புகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது மகள் அந்தப் பக்கத்தின்மேல் பால் கக்கினாள். மை கரைந்துவிட்டது. இரண்டு வாரம் கழித்து நினைவிலிருந்து திருப்பி எழுதினேன். திருப்பி எழுதியது என்று ஓரத்தில் குறிக்கவில்லை. இத்தனை வருஷ நாட்குறிப்பில் நான் அப்படிச் செய்ததே இல்லை. அதை அப்படியே சொன்னேன்.

"எழுத்தர் சரியாத்தான் எழுதியிருக்கார் சார். தப்பு என்னுது."

அவர் ஆய்வேட்டில் அந்த அடிக்குறிப்பு இருந்த பக்கத்தை எடுத்தார். பென்சிலால் ஏதோ கூட்டிக் கழித்தார். "அப்போ ரெண்டும் ஒத்துப்போகுது. உங்க மூணாம் அத்தியாயம் நீங்க நெனச்சதைவிட வலுவாத்தான் இருக்கு" என்றார். "அந்த அடிக்குறிப்பை எடுத்துடுங்க. பாவம் அந்த எழுத்தர். பக்கத்தைத் திருப்பி எழுதினதையும் பதிவு பண்ணுங்க." பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாக அவர் வாசித்தபோது மகள் விழித்து அழத் தொடங்கியிருந்தாள். பாதிதான் என் காதில் விழுந்தது.

வெளியே வந்ததும் அக்கா கேட்டார். "நான் பேசுனது தப்பாப் போச்சோ?"

"பேசாம இருந்திருந்தாத்தான் தப்புக்கா."

"பின்ன, எம்பிள்ளய மாத்தி எழுதுனா விட்டுருவனா?"

நாலரை மணிக்கு டவுனுக்குத் திரும்பினோம். அக்கா சொன்னதுபோலவே தேர் தெற்கு ரத வீதி முனையில் நின்றுகொண்டிருந்தது. கணவர் வந்து சேர்ந்திருந்தார். மகளை அவரிடம் கொடுத்துவிட்டு நாங்கள் இருவரும் பெண்கள் பக்கம் நுழைந்து வடம் பிடித்தோம். எத்தனை வருஷமாக ரத வீதியை ஒட்டிக் குடியிருக்கிறேன்! வடத்தைத் தொட்டது அன்றுதான். பரீட்சைத்தாள், ஆய்வேடு, பால் என்று ஏதாவது ஒரு காரணத்தால் மாடியிலிருந்தே பார்த்துப் பழகிவிட்டேன்.

வேலையும் படிப்பும் பிள்ளையுமாக எப்படிச் சமாளித்தீர்கள் என்று பள்ளியில் இளம் ஆசிரியைகள் கேட்கும்போது, அந்தப் புதன்கிழமையைத்தான் சொல்கிறேன். எனக்குத் திட்டம் நிறைய இருந்தது. ஆனால் அன்று திட்டப்படி நடந்தது ஒன்றுமில்லை. விடுமுறையில் துறையைத் திறக்க அலைந்த நெறியாளரும், வருஷத்துக்கு ஒருநாள் வடம் பிடிக்க வந்து என் பிள்ளையைத் தூக்கிக்கொண்ட அக்காவும் இல்லாவிட்டால் நான் அந்த ஜன்னல் ஓரத்திலேயே நின்றிருப்பேன்.

திருத்திய ஆய்வேட்டை அட்டை போட்டுக் கட்டியதும் ஒரு பிரதியோடு சீவலப்பேரிக்குப் போனேன். அக்காவின் நடு மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். என் மகள் அந்த வீட்டு வாசலில் கோழியைத் துரத்திக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தைப் பிரித்துக் கொடுக்க, அக்காவின் மகள் சத்தமாக வாசித்தாள். தண்ணீர் தாமதமாக வந்தது, நடவு இல்லாமல் போனது, வயிற்றிலிருந்த நடு மகள், பகல் தூக்கம், எல்லாம் இருந்தது.

அவள் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். "அதான் நான் மட்டும் குண்டாப் பொறந்தேனாக்கும்?"

"ஆமாட்டி" என்றார் அக்கா. "நல்லாத் தின்னு, நல்லாத் தூங்கிப் பெத்தது உன்ன ஒருத்தியத்தான். திருப்பி வாசி."