தசரதன் வரைந்த கல் இலை

ஆரணியில் பட்டுச் சேலைக்கு டிசைன் வரைபவர்களில் தசரதனுக்குக் கர்வம் கொஞ்சம் அதிகம். கட்டத்தாளில் அவர் வைத்த புள்ளி தறியில் தப்பாது என்பது உண்மைதான். அதை அவரே ஊரெல்லாம் சொல்லித் திரிவதுதான் தொல்லை.

1998 கடைசியில் கல்லூரி ஆசிரியை ஹெப்சிபா அவரிடம் ஒரு கல்லைக் கொண்டுவந்தார். பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் உதிர்ந்த இலையொன்று அதில் அச்சாகப் பதிந்திருந்தது. போட்டோவில் நரம்புகள் சரியாக விழவில்லை, ஆய்வேட்டுக்குப் படம் வேண்டும். தசரதன் டிரேசிங் தாளைக் கல்மேல் வைத்து நகலெடுத்தார். பிறகு நல்ல தாளில் அழகாக வரைந்து கொடுத்தார். கல்லும், அதை இரவலாகக் கொடுத்த அருங்காட்சியகத்துக்கே திரும்பிப் போனது.

பொங்கல் முடிந்த கையோடு ஹெப்சிபா பதறி வந்தார்.

"அண்ணே, எலையோட ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வரைஞ்சிருக்கீங்களே."

"பாதி வரைஞ்சிட்டு மீதிய திருப்பிப் போட்டேன்மா. சேலைக்கு அப்டித்தான்."

"வேப்பெலையைப் பாருங்க, அடியில ஒரு பக்கம் எறங்கியிருக்கும். கல்லுலயும் அப்டித்தான் இருந்துச்சு. அத வெச்சுத்தான் இது வேம்போட மூதாதையா இருக்கலாம்னு எழுதியிருக்கேன். பத்து நாள்ல ஏட்டைக் குடுக்கணும். கல்லு மறுபடி வர மூணு மாசம் ஆவும்."

ஹெப்சிபாவின் நாலு வருட உழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று தசரதன் கூசினார். சேலை தறியை விட்டு இறங்கும்வரை முதல் நகலை எறியக்கூடாது என்பது தொழில் வழக்கம். அந்த நம்பிக்கையில் டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தார். நகல் இல்லை.

"போகிக்குப் பழச எல்லாம் கொளுத்தினோமே" என்றார் மனைவி பரிமளா. ஹெப்சிபா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எந்தத் தாளு? வழவழன்னு இருக்குமே, அதுவா? எண்ணெ ஊறாதுன்னு அஞ்சறைப் பெட்டிக்கு அடியில போட்டுகினு இருக்கேன்" என்று பரிமளா போய் எடுத்து வந்தார்.

இலையின் நுனியில் மஞ்சள் கறை. அடிப்பாகம் மட்டும் சுத்தமாக இருந்தது, ஒரு பக்கம் இறங்கி, கோணலாக. ஹெப்சிபா அழுதுகொண்டே சிரித்தார். அன்று முழுக்கத் தசரதன், பரிமளா சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார்.

ஏடு உரிய நாளில் போய்ச் சேர்ந்தது. அந்த வருடம் தீபாவளிக்கு தசரதன் போட்ட சேலை டிசைனைத் தூக்கிக்கொண்டு தறிக்காரர் சின்னதுரை வந்தார்.

"அண்ணே, எலை ஒரு பக்கம் எறங்கிக் கீது."

"மரத்துல அப்டித்தான் கீது. நெய்யி" என்றார் தசரதன்.