எச்சில் தொட்ட விரல்

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் இலங்கையில் புளத்கொகுபிட்டியப் பக்கம் ஒரு றப்பர் தோட்டத்தில் ஃபேக்டரி மெக்கானிக்காக இருந்தேன். கேகாலையில் படித்து வாங்கிய சர்டிபிகேட்டைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தேன். அதே ஃபேக்டரியில் முப்பது வருடம் எஞ்சின் ஓட்டிய மாமனார் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் எங்களோடுதான் இருந்தார். அவருக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். ஆனாலும் எது பழுதானாலும் ஆட்கள் அவரைத்தான் தேடி வருவார்கள். எனக்கு வயிறு எரியும்.

ஓய்வுபெற்ற சிங்களத் தோட்டத் துரை ஒருவர் பழைய விமான எஞ்சின் ஒன்றை வாங்கி வந்தார். இரண்டாம் உலகப் போருக்கும் முந்தியது. லொறி ஷெட்டில் இரும்புச் சட்டத்தில் பூட்டி, மரக் காத்தாடியையும் மாட்டி, ஓட வைக்கும் வேலையை என்னிடம் கொடுத்தார். இங்கிலீஷ் புத்தகத்தை வைத்துக்கொண்டு இரண்டு வாரம் முட்டினேன். எஞ்சின் இருமியதே தவிர ஓடவில்லை.

ஒரு பகல் மாமா எனக்குச் சோறு கொண்டுவந்தார். சும்மா காத்தாடியைப் பிடித்து மெல்ல இரண்டு சுற்றுச் சுற்றினார்.

"மாப்ள, மூணாவது சிலிண்டர்ல காத்து போவுதுங்க. வால்வு ஒழுங்கா உக்காரல."

"புத்தகத்துல அப்படி இல்லீங்க மாமா."

துரையும் அப்போது ஷெட்டில்தான் நின்றார். "கழட்டிப் பாருங்க," என்றார் என்னிடம். கழற்றினேன். மூன்றாவது சிலிண்டரின் வால்வில் கரி படிந்திருந்தது. மாமாவே அதைத் தேய்த்து உட்கார வைத்து, எல்லா மின்கம்பி நட்டுகளையும் தன் கையால் இறுக்கினார். எஞ்சின் ஓடியது.

மறுநாள் துரையின் நண்பர்கள் பார்க்க வருவதாக இருந்தது. அதற்கு முந்தின மாலை எல்லோரும் போன பிறகு, இரண்டாவது சிலிண்டருக்குப் போகும் மின்கம்பியின் நட்டைத் தளர்த்திவிட்டு வந்தேன். ஏன் செய்தேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அவர் ஒருமுறையாவது தோற்க வேண்டும், அவ்வளவுதான்.

காலையில் விருந்தாளிகள் முன் எஞ்சின் குலுங்கிக் குலுங்கி ஓடியது. மாமா நிறுத்தச் சொன்னார். விரலில் எச்சில் தொட்டு, சிலிண்டர் சிலிண்டராக வைத்தார். ஒன்றாவதில் சுர்ரென்றது. இரண்டாவதில் சத்தமே இல்லை, அது சூடேறவே இல்லை. கை தானாகக் கம்பிக்குப் போனது. நட்டைத் தொட்டதும் என்னை ஒருதரம் பார்த்தார். முந்தின நாள் அதை இறுக்கியது அவர்தானே.

"ஆட்டத்துல கழண்டிருக்கு தொரை," என்றார்.

அவர் நட்டை இறுக்கிய பிறகு எஞ்சின் ஓடிய ஓட்டத்தில் ஷெட்டின் தகரமெல்லாம் அதிர்ந்தது. துரை கட்டிப்பிடித்தது அவரைத்தான்.

லயத்துக்குப் போகும் வழியில் மாமா சொன்னார்: "என்னைய பிடிக்கலைனா மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க மாப்ள. காத்தாடி கிட்ட ஆளு நிக்கும்போது இப்படிச் செய்யாதீங்க."

நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

சில வருடம் கழித்து, அவருடைய கருமாதி முடிந்த பிறகு, மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அப்பா அன்னைக்கே சொன்னாரு. ஒங்ககிட்ட கேக்க வேணாம்னும் சொன்னாரு," என்றாள்.

இத்தனை வருடம் அவள் அதை முகத்தில்கூடக் காட்டியதில்லை. செத்த மனிதர்மேல் எனக்கு மறுபடியும் பொறாமை வந்தது. நான் கேட்டு அவள் ஒரு ரகசியத்தை இப்படிக் காப்பாற்றியிருப்பாளா என்று தெரியவில்லை.