தேரைகள் வந்த காலை

நெய்வேலி மூழ்கப்போகிறது என்று நம்பிய ஒரே படித்த முட்டாள் நான்தான். ஊரில் இருப்பவர்களும், என்னைப் போல் பெட்டி தூக்கிக்கொண்டு இங்கே பிழைக்க வந்தவர்களும் தாராளமாகச் சிரித்துக்கொள்ளலாம்.

கோடை மழை கொட்டி ஓய்ந்த காலையில் குவார்ட்டர்ஸ் கதவைத் திறந்தேன். வாசற்படியில், சைக்கிள் சக்கரத்தடியில், என் செருப்பின் மேலேகூடத் தேரைகள். ஒவ்வொன்றும் கைமுட்டி அளவு. கோவில்பட்டிக் கரிசலில் நாற்பது வயதுவரை நான் பார்த்த தேரைகளை ஒரு கூடையில் அடைத்துவிடலாம். சுரங்க ஆபீசில் பம்பு ரீடிங் படியெடுப்பது என் வேலை. நிலக்கரிக்கு அடியில் நீர் முட்டிக்கொண்டு நிற்கிறது, பம்புகள் ஓயாமல் இறைத்தால்தான் சுரங்கம் தங்கும் என்று தெரியும். பயப்படத் தேவையான அளவு மட்டும் தெரியும். பம்பு நின்றுவிட்டது, அடித்தண்ணீர் ஏறுகிறது, தேரைகள் நமக்கு முன்னால் தப்பி வந்துவிட்டன என்று முடிவு கட்டினேன்.

அது என்னைப் பெர்மனென்ட் ஆக்கவிருந்த வாரம். ஒரு நாள் பிந்தினாலும் பெயர் தள்ளிப்போகும் என்று ஆபீசர் எச்சரித்திருந்தார். கம்பெனி பஸ் ஹாரன் அடித்துப் போனபோது, நான் மனைவியின் சேலைகளை டிரங்குப் பெட்டியில் திணித்துக்கொண்டிருந்தேன்.

"தேரைக்குப் பயந்து வந்தோம்னா எங்கய்யா என்ன கேப்பாக தெரியுமா?" என்றாள்.

"உயிரோட போய்ச் சேந்தா கேக்கட்டும்."

பாத்திரம் தேய்க்க வந்த அஞ்சலை வாசலிலேயே நின்றாள்.

"இன்னாங்க சார், மூட்ட கட்டிக்கினு எங்க?"

சொன்னேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"எங்க ஊரு குட்டை இங்கதான் சார் இருந்துச்சு. உங்க அடுப்பங்கரை இருக்குதே, அங்கதான் மாடு கழுவுவோம். மழ பேஞ்சா வருஷா வருஷம் வருதுங்க. வேற எடத்துக்குப் போங்கன்னு எங்களுக்குச் சொன்னாங்க. அதுங்களுக்கு யாரு சொல்றது?"

சொல்லிவிட்டு, கரி படிந்த சட்டியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். நான் டிரங்குப் பெட்டியிலிருந்து சேலைகளை வெளியே எடுத்து வைத்தேன்.

சைக்கிளை மிதித்து, நனைந்த வேட்டியோடு ஆபீசுக்குள் நுழைந்தேன். ஆபீசர் காரணம் கேட்டார்.

"வீட்டுக்கு ஊர்க்காரங்க வந்துட்டாங்க சார்."

"எத்தனை பேர்?"

"எண்ணலை சார்."

பம்பு ஒரு நொடியும் நிற்கவில்லை. தேரைகள் வாசல் பள்ளத்து நீரில் முட்டையிட்டுவிட்டு நாலாம் நாள் போய்விட்டன. என் பெர்மனென்ட் ஆறு மாதம் தள்ளிப்போனது.