முக்கால்மணிக்காரர்

என் சகலையிடம் வீடு எங்கே என்று கேட்டால் இடத்தைச் சொல்லமாட்டார், நேரத்தைச் சொல்வார். முக்கால் மணி நேரம்தான் என்பார். கேட்டவர் எங்கிருந்து கிளம்புகிறார், எதில் வருகிறார், வெளியே மழையா வெயிலா என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. நகரத்தின் எந்த மூலையிலிருந்து கிளம்பினாலும் அவர் வீட்டுக்கு முக்கால் மணி நேரம். அதனால் எங்கள் குடும்பத்தில் அவருக்கு முக்கால்மணி என்றே பெயர். மாப்பிள்ளைக்குப் பட்டப்பெயர் வைப்பது மரியாதை இல்லை என்று மாமியார் எங்களைக் கண்டிப்பார். கண்டித்த கையோடு, "முக்கால்மணி போன் பண்ணினாரா?" என்று கேட்பார்.

அவர் போன மாதம் காலமாகிவிட்டார். அவரைப் பற்றிச் சிரித்துப் பேச இப்போது வீட்டில் யாருக்கும் வாய் வரவில்லை. அவரைப் பற்றிச் சிரிக்காமல் பேசவும் எங்களுக்குத் தெரியாது. ஆகவே எல்லோரும் சும்மா இருக்கிறோம். எழுதினாலாவது வருகிறதா என்று பார்க்கிறேன்.

பல் செட் செய்வது அவருடைய வேலை. நகரத்தின் நடுவில் ஒரு பல் மருத்துவமனையின் பின்பக்க அறையில் உட்கார்ந்திருப்பார். டாக்டர் அச்சு எடுத்து அனுப்புவார். இவர் அதில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றித் தாடையை வார்த்து, ரோஜா நிற மெழுகில் பற்களை ஒவ்வொன்றாக நட்டு, ஈறு போலச் செதுக்கிக் கொடுப்பார். அவர் தலைக்கு மேலே அலமாரியில் ஊர் பேர் தெரியாத மனிதர்களின் தாடைகள் வரிசையாக இளித்துக்கொண்டிருக்கும். அந்தத் தொழிலால் அவருக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. யாருடன் பேசினாலும் கண்ணைப் பார்க்கமாட்டார், வாயைப் பார்ப்பார். கல்யாணமான புதிதில் அக்காவுக்கு, அதாவது என் மனைவியின் அக்காவுக்கு, அது பெரிய வெட்கமாக இருந்ததாம். மேல் வரிசையில் ஒரு பல் லேசாகத் திரும்பியிருப்பதைத்தான் மனிதர் அத்தனை நாளும் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்ததாம்.

நகரத்தில் அவர்கள் இருந்தது மாடியில் ஒண்டுக் குடித்தனம். சமையலறையில் ஒருவர் திரும்ப வேண்டுமென்றால் இன்னொருவர் வெளியே வரவேண்டும். ஆனால் அடுத்த தெருவிலேயே அக்காவின் அப்பா அம்மா இருந்தார்கள். மகள் குழம்பு கொதிக்கும்போது போய்விட்டு, இறக்குவதற்குள் வந்துவிடலாம். அந்த வசதியை விட்டுவிட்டு, ரயில் பாதையின் கிட்டத்தட்ட கடைசியில் இருக்கிற ஒரு புறநகரில் வீடு வாங்கலாம் என்று சகலை சொன்னபோது, அக்கா கேட்ட ஒரே கேள்வி, எவ்வளவு தூரம் என்பதுதான். முக்கால் மணி என்று அன்றைக்குச் சொன்னவர்தான்.

வீடு நல்ல வீடு. பாதி கட்டி நிற்கும் வீடுகளுக்கு நடுவே, வெறும் எண் மட்டுமே பெயராக உள்ள ஒரு தெருவில், வாசலில் எப்போதும் யாருடையதோ ஒரு மணல் குவியலுடன் இருக்கும். அதில் ஓர் அறையை அக்கா தன் பெற்றோருக்கு என்று ஒதுக்கி, இரண்டு கட்டில் போட்டு, ஜன்னலுக்குத் திரை தைத்து மாட்டியிருந்தார். யாரும் படுக்காத படுக்கைக்கு வாராவாரம் உறை மாற்றினார்.

மாமனார் வரமாட்டேன் என்றுவிட்டார். எடைகளையும் அளவுகளையும் சோதிக்கும் அரசாங்க ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். கடைகடையாகப் போய்த் தராசில் முத்திரை வைத்தவர். வீட்டில் பால் வந்தால் இன்றைக்கும் அளந்துதான் வாங்குவார். மகளின் சாமான்களை லாரியில் ஏற்றி அனுப்பிய அன்று பின்னாலேயே ஒரு காரில் போயிருந்தார். வழி முழுவதும் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி வந்தார். இறங்கியதும் பெரிய மாப்பிள்ளையிடம் அவர் சொன்னதை நானும் கேட்டேன்.

"எடை குறைச்சுப் போட்டவனைக்கூட மன்னிச்சு விட்டிருக்கேன் மாப்பிள்ளை. எடைக்கல்லுலயே பொய்யை எழுதி வச்சிருந்தா அந்தக் கடைக்கு நான் எப்படிங்க போறது?"

அன்று மாலையே திரும்பிவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அவர் வராமல் மாமியாரும் வரமாட்டார். அக்கா நாலு வருடம் பொறுத்தார். பிறகு ஒருநாள், சண்டை எதுவும் போடாமல், தட்டில் சோறு வைத்தபடியே கணவரிடம் சொல்லிவிட்டார். இந்தக் கோடைக்குள் அப்பாவும் அம்மாவும் ஒரு ராத்திரியாவது இந்த வீட்டில் தங்க வேண்டும். இல்லாவிட்டால் வீட்டைப் பூட்டிவிட்டு மறுபடியும் அந்த மாடிக்கே போய்விடலாம். சத்தம் போட்டிருந்தால் சகலை பயந்திருக்கமாட்டார்.

என்னிடம் வந்து புலம்பினார். உண்மையைச் சொல்லிவிட்டால் மாமாவின் கோபம் போய்விடுமே என்றேன்.

"அப்பவே ஒண்ணே முக்கால் மணின்னு சொல்லியிருந்தா அவ ஒத்துக்கிட்டிருப்பாளா சகலை? இப்ப மாத்திச் சொன்னா, அப்ப சொன்னது பொய்னு ஆயிடும்."

"அது பொய்தானே?"

"பொய்தான். ஆனா இன்னும் ஆகலையே."

அவர் போட்ட திட்டம் இது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமனார், மாமியார், என் மனைவி, நான் எல்லோரும் அவருடன் ரயிலில் போக வேண்டும். அதிகம் நிற்காத மாலை ரயில் ஒன்றை அவர் பார்த்து வைத்திருந்தார். மாமனார் கடிகாரத்தைப் பார்க்காதபடி, எந்தெந்தக் கடைக்காரன் எப்படியெப்படி ஏமாற்றினான் என்று கேட்டுக்கொண்டே வருவது என் பொறுப்பு. அந்தப் பேச்சை எடுத்தால் மாமனாருக்கு நேரம் போவது தெரியாது, நமக்குத்தான் தெரியும். வர சம்மதிக்க மாமனார் ஒரே நிபந்தனை வைத்தார். ரயிலில் ஏறி உட்கார்ந்த நிமிடத்திலிருந்து கணக்கு.

இங்கேதான் ரிவர்ஸ் அடிப்பது பற்றிச் சொல்ல வேண்டும். புறநகர்க்காரர்களின் வித்தை அது. மாலையில் நகரத்துக் கடைசி நிலையத்தில் ரயில் வந்து நின்றதும் கூட்டம் கதவில் அடித்துப்பிடித்து ஏறும். விவரமானவர்கள் அங்கே நிற்கமாட்டார்கள். அதற்கு முந்தைய நிலையத்துக்குப் போய், நகரத்தை நோக்கி வரும் ரயிலில் காலியாக ஏறி உட்கார்ந்துகொள்வார்கள். கடைசி நிலையத்தில் அதே ரயில் திசை மாறி அவர்கள் ஊருக்குப் புறப்படும்போது, ஜன்னலோரத்தில் கால்மேல் கால் போட்டு, ஏறுகிறவர்களைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். பல வருடமாகச் சகலை அப்படித்தான் வீட்டுக்குப் போனார். அதைப் பற்றிப் பேசும்போது அவருக்குக் குரலே மாறிவிடும்.

புறநகருக்குப் போன பிறகு ஞாயிற்றுக்கிழமை அவர் ஒருநாளும் நகரத்தில் இருந்ததில்லை. அன்றைக்கு ரயிலில் கூட்டமே இருக்காது என்பதும், ரிவர்ஸ் அடிக்கத் தேவையே இல்லை என்பதும் அவருக்குத் தோன்றவில்லை. எங்களை முந்தைய நிலையத்துக்கு அழைத்துப்போய் ஏற்றினார். மாமனார் உட்கார்ந்ததும் நேரம் பார்த்துக்கொண்டார். கடைசி நிலையம் வந்தது. பெட்டியில் இருந்த நாலைந்து பேரும் இறங்கினார்கள். மாமியார் பையைத் தூக்கினார்.

"உக்காருங்க அத்தை. இறங்கறவங்க எல்லாம் விவரம் தெரியாதவங்க" என்றார் சகலை.

ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னார்கள். அது தினமும் சொல்வதுதான் என்று கையசைத்தார். விளக்கு அணைந்தது. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறார்கள் என்றார். ரயில் புறப்பட்டது. பாருங்கள், சொன்ன நேரத்துக்கு எடுத்துவிட்டான் என்றார். நிலையம் மறைந்து, தண்டவாளங்கள் பலவாகப் பிரிந்து, இரண்டு பக்கமும் காலி ரயில்கள் நிற்கும் இடத்துக்குள் நுழைந்து, ஒரு நீளமான கொட்டகைக்குள் போய் வண்டி நின்றுவிட்டது. சகலை விளக்கம் சொல்லாமல் இருந்ததை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

பிறகு தண்ணீர் வந்தது. ரயிலைக் கழுவ ஆரம்பித்துவிட்டார்கள். என் மனைவி எழுந்து ஒவ்வொரு ஜன்னலாக இழுத்து மூடுவதற்குள் மாமனாரின் ஒரு தோள் நனைந்துவிட்டது. முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்ட ஓர் அம்மாள், நீளக் கட்டைத் துடைப்பத்துடன் கதவுக்குக் கீழே வந்து நின்று எங்களைப் பார்த்தார்.

"யாரு நீங்க?"

"பயணிங்க" என்றார் சகலை.

"எங்க போறீங்க?"

அவர் ரயில் வந்த திசையைக் கையால் காட்டினார். கீழே இறங்கக்கூடாது, உயரமும் அதிகம், தண்டவாளத்தில் வண்டிகள் வரும், இதே ரயில் கழுவி முடித்து இருட்டுவதற்கு முன் திரும்ப வெளியே போகும், அதுவரை ஆடாமல் அசையாமல் உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் அடுத்த பெட்டிக்குப் போனார். போகும்போது, "வாரத்துக்கு ஒரு குடும்பம் வந்துடுது" என்று யாரிடமோ சொன்னது கேட்டது.

மாமியார் செருப்பைக் கழற்றிவிட்டு எதிர் இருக்கையில் காலை நீட்டினார். பையிலிருந்து மகளுக்குக் கொண்டுபோன பலகாரத்தை எடுத்துப் பிரித்தார். தன்னை யாரும் ஒரு வேலையும் சொல்லாமல் இவ்வளவு நேரம் உட்காரவிட்டதே இல்லை என்று சந்தோஷமாகச் சொன்னார். நான் எனக்குக் கொடுத்த வேலையைச் செய்தேன். தராசுத் தட்டின் அடியில் புளியை ஒட்டி வைத்தவனைப் பற்றி மாமனாரிடம் கேட்டேன்.

"அவன் கிடக்கட்டும் சின்ன மாப்பிள்ளை" என்றவர், கைக்கடிகாரத்தைக் கழற்றித் துடைத்து மடியில் வைத்துக்கொண்டார். "பெரிய மாப்பிள்ளை, இப்ப எவ்வளவு நேரம் ஆச்சுன்னு நான் சொல்லட்டுமா?"

சகலை அவர் வாயைப் பார்த்தார். பிறகு, எனக்குத் தெரிந்து முதல்முறையாக, கண்ணைப் பார்த்தார்.

"ஒண்ணே முக்கால் மணி மாமா. தினமும் அதான் ஆகும். மழை பெஞ்சா இன்னும் கூட. உங்க பொண்ணுக்கு அந்த வீடு பிடிச்சிருந்தது. தூரத்தைச் சொன்னா வேணாம்னுடுவாளோன்னு பயந்துட்டேன்."

வெளியே தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. மாமனார் கடிகாரத்தை மறுபடி கட்டிக்கொண்டார். சோதனை முடிந்த தராசைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி தலையசைத்தார்.

"இதை அன்னிக்கே சொல்லியிருந்தா நான் மாசாமாசம் வந்திருப்பேனே" என்றார். "தூரத்துக்கு யாருங்க பயப்படறது?"

இருட்டுவதற்குள் ரயில் எங்களோடேயே நிலையத்துக்குத் திரும்பி வந்து, சகலையின் ஊருக்குப் புறப்பட்டது. வழி முழுவதும் புளி ஒட்டியவனின் கதை. அக்கா வாசல் மணல் குவியலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். மாமனார் உள்ளே நுழைவதற்கு முன்பே பெரிய மாப்பிள்ளை ஒப்புக்கொண்டதை மகளிடம் அறிக்கை மாதிரி சொன்னார். சகலை மணலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எனக்குத் தெரியாதாப்பா?" என்றார் அக்கா. "விடியறதுக்கு முன்னாடி போயி இருட்டினப்புறம் வர்ற மனுஷன், ரயில்ல முக்கால் மணிதான் இருந்தார்னா, மிச்ச நேரம் எங்க இருந்தார்னு நான் அன்னிக்கே கேட்டிருக்க மாட்டேனா?"

சொல்லிவிட்டு அவர் அப்பாவின் ஈரச் சட்டையை வாங்கிக் கொடியில் போட்டார். அன்றிரவு அந்த இரண்டு கட்டிலிலும் ஆள் படுத்திருந்தது. கூடத்தில் என் மனைவியும் அக்காவும். சகலையும் நானும் படுக்க இடமில்லாமல் மொட்டை மாடிக்குப் போனோம். அங்கே கொசு பிடுங்கியது. அதைச் சகலை மிகவும் பெருமையாகச் சொன்னார், வீடு நிறைந்துவிட்டதாம்.

மறுநாள் காலை அவருடனேயே நானும் வேலைக்குக் கிளம்பினேன். ரயிலில் நிற்க இடம் கிடைத்தது, அதுவே அதிர்ஷ்டம் என்றார்கள். ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே தூங்கினார். வழியில் யாரோ அவர் காலை மிதித்தபோது, மிதித்தவரின் வாயைப் பார்த்துவிட்டு, கடைவாய்ப் பல்லை உடனே காட்டுங்கள் என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்கினார். பாதி தூரம்கூட வந்திருக்கமாட்டோம், எனக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. இதை வருடக்கணக்காகச் செய்துவிட்டு முக்கால் மணி என்று சொன்னவரை, பொய் சொன்னார் என்று சொல்ல எனக்கு அதற்கப்புறம் வாய் வரவில்லை.

நகரம் நெருங்கும்போது கண்ணைத் திறந்து, என் காதருகே குனிந்தார்.

"சகலை, ஒண்ணே முக்கால்னு சொல்றதுக்கு நாக்கு வரமாட்டேங்குது. கேக்கறவங்க பயந்துடுவாங்க. இனிமே ஒரு மணின்னு சொல்லலாமா?"

சொல்லுங்கள் என்றேன்.

போன மாதம் அந்தச் செய்தியைச் சொல்ல உறவுக்காரர்களுக்கெல்லாம் நான்தான் போன் செய்தேன். அழுது முடித்ததும் ஒவ்வொருவரும் கேட்டது, அங்கே வர எவ்வளவு நேரமாகும் என்பதுதான். ஒரு மணி நேரம் என்று சொன்னேன். ஒருவர் விடாமல் வந்தார்கள். வியர்த்து விறுவிறுத்து அந்தத் தெருவில் வந்து இறங்கிய ஒவ்வொருவரும், உள்ளே போய் அக்காவின் கையைப் பிடிப்பதற்கு முன்னால், வாசலில் என்னைத் தேடிப் பிடித்துத் திட்டினார்கள்.