புது மாணவன்

வாய் நிறைய ஆணி. சுத்தியலின் காந்த முனை உதட்டருகே போகும். நாக்கு ஓர் ஆணியைத் தலை முன்னால் வரும்படி தள்ளிவிடும். சுத்தியல் அதைக் கவ்விக்கொண்டு வந்து சோபாச் சட்டத்தில் ஒரே அடியில் இறக்கும். துணியின் ஓரம் முழுக்க அடித்து முடிகிறவரை அவரிடம் எதைக் கேட்டாலும் "ம்", "ம்ஹும்" இரண்டில் ஒன்றுதான் பதில். பட்டறையில் எல்லோரும் அவரை ஆணிவாயர் என்கிறார்கள். ஆணியடிக்கும் துப்பாக்கி ஒன்றை முதலாளி வாங்கித் தந்திருக்கிறார். அது பெட்டி பிரிக்காமலே கிடக்கிறது. "அதுல அடிச்சா வாய் சும்மா இருக்கும். சும்மா இருந்தா எதையாவது பேசித் தொலைக்கும்" என்கிறார்.

சாப்பாட்டு நேரத்தில் மிச்ச ஆணிகளை ஒரு டப்பா மூடியில் துப்பிவிட்டு, வாயைக் கொப்பளித்து, கொண்டுவந்ததை நாலு வாயில் முடித்துக்கொள்வார். பிறகு துணி உரித்து ஸ்பிரிங் தெரியும் ஏதாவதொரு சோபாவின் விளிம்பில் உட்கார்ந்து, பெஞ்சுக்கு அடியிலிருந்து வெல்வெட் துண்டில் சுற்றிய ஒரு யுகுலேலேயை எடுப்பார். கிட்டாருக்குத் தங்கை மாதிரி இருக்கும், நாலே நாலு நைலான் தந்தி. அவருடைய பெரிய மார்பின்மேல் அது இருப்பது, கைக்குழந்தையை முதன்முதலாகத் தூக்கிய ஆண்பிள்ளைகளை நினைவுபடுத்தும். அவர் விரல் ஒன்று வைத்தால் இரண்டு தந்தி மறைகிறது.

போனை ஒரு ஸ்பிரிங்கில் சாய்த்து வைத்துக்கொள்வார். அதில் தெரிவது பாட்டு என்று சொன்னால் நம்பக் கஷ்டம். நாலு தந்திக்கு நாலு கோடு, கோட்டின்மேல் அங்கங்கே எண்கள். மூன்று என்று இருந்தால் அந்தத் தந்தியின் மூன்றாவது கட்டத்தில் அமுக்கு, பூஜ்யம் என்றால் சும்மா தட்டு. அவ்வளவுதான். உலகத்தில் யார் யாரோ தங்களுக்குத் தெரிந்த பாட்டை இப்படி எழுதி இணையத்தில் போட்டுவைக்கிறார்கள், யார் யாரோ எடுத்துப் பழகுகிறார்கள். சங்கீதம் தெரியாதவனுக்கும் எண் தெரியும் அல்லவா? ஆணிவாயருக்கு எண் நன்றாகத் தெரியும்.

பாட்டுத்தான் வரமாட்டேன் என்கிறது. எல்லா எண்ணையும் சரியாக அமுக்குவார், சரியாகத் தட்டுவார், எல்லாவற்றுக்கும் ஒரே இடைவெளி விடுவார். பட்டறையில் உறை தைக்கிற மிஷின்காரம்மா தையலை நிறுத்தாமலே சொல்வாள்: "அண்ணே, இப்பவும் ஆணிதான் அடிக்கிறீங்க."

"இதுல அப்படித்தாம்மா போட்டிருக்கு."

"எவ்ளோ நேரம் நிக்கணும்னு போட மாட்டாங்களா?"

"எங்க அமுக்கணும்னு இருக்கு. எப்ப விடணும்னு இல்லியே" என்று மறுபடியும் முதல் கோட்டிலிருந்து ஆரம்பிப்பார்.

இந்த வயதில் இவருக்கு ஏன் இந்த வேலை என்று பட்டறைக்கு வருகிறவர்கள் சிரிப்பார்கள். காரணம் பட்டறையில் மிஷின்காரம்மாவுக்கு மட்டும் தெரியும்.

யுகுலேலே அவருடைய மகளுடையது. கணக்கியல் படிக்கப் போனவள், பாதியில் விட்டுவிட்டு ஒரு பாட்டுக் குழுவோடு ஊர் ஊராகப் போகப்போகிறேன் என்று வந்து நின்றாள். அன்றைக்குப் பார்த்து ஆணிவாயரின் வாயில் ஆணி இல்லை. வீட்டுக் கூடத்தில், அவரே செய்த சோபாவில் உட்கார்ந்துகொண்டு, பேசக்கூடாததையெல்லாம் பேசினார். கடைசியில் சொன்னது: "இனி இந்த வீட்ல உன் சத்தமே கேக்கக் கூடாது." கோபத்தில் எல்லா அப்பாக்களும் சொல்வதுதான். அந்தப் பெண் அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். போன் எண்ணை மாற்றினாள். நன்றாக இருக்கிறேன், தேட வேண்டாம் என்று அம்மாவுக்கு ஒரே ஒரு தடவை சொல்லி அனுப்பினாள். அதோடு சரி. அவசரத்தில் போனதில் இந்தச் சின்ன வாத்தியம் சுவரிலேயே தங்கிப்போயிற்று.

தூசி தட்டும்போது அதன் தந்தி ஒன்று அறுந்தது. புதிதாக எப்படிக் கட்டுவது என்று தெரியாமல் பட்டறைக்குக் கொண்டுவந்தார். மிஷின்காரம்மாதான் போனில் தேடி, இந்த எண் பாட்டுகள் இருக்கும் தளத்துக்குள் போனாள். ஒரு பாட்டின் மூலையில் அதை எழுதிப் போட்டவரின் புனைபெயர் இருந்தது: பஞ்சுமூட்டை.

சின்ன வயதில் மகள் இதே பட்டறையில் பஞ்சு மூட்டைமேல் படுத்துத் தூங்குவாள். வீட்டில் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். உலகத்தில் எத்தனையோ பஞ்சுமூட்டைகள் இருக்கலாம் என்று ஆணிவாயர் தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டார். ஆனால் அந்தப் பாட்டின் கீழே பழகுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு இருந்தது: "இந்த இடத்துல தந்தியைச் சுண்டினா பழைய சோபா ஸ்பிரிங் மாதிரி ஒரு சத்தம் வரும். பயப்படாதீங்க, அதான் சரி." அதைப் படித்துவிட்டு அவர் கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

மகளிடம் பேச ஒரு சாக்கு வேண்டும். பாட்டில் சந்தேகம் கேட்கலாம். சந்தேகம் கேட்க வேண்டுமென்றால் பழக வேண்டும். இப்படித்தான் ஆரம்பித்தது. தளத்தில் பெயர் கேட்டபோது மிஷின்காரம்மா குறும்பாக 'புது மாணவன்' என்று போட்டுவிட்டாள். அவர் கேட்ட முதல் சந்தேகத்துக்கு மறுநாளே பதில் வந்துவிட்டது: "தம்பி, அது அஞ்சு இல்ல, மூணு. அவசரப்படாம மெதுவா பண்ணு. விரல் வலிச்சா நிறுத்திடு, நாளைக்குப் பாத்துக்கலாம்."

ஆணிவாயர் ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினார்: "சரி அக்கா."

அன்றிலிருந்து பெற்ற மகள் அக்காவானாள், அப்பா தம்பியானார். மிஷின்காரம்மாவுக்குச் சிரிப்பு தாங்காது. "அக்கா இன்னைக்கு என்ன திட்டினா?" என்று கேட்பாள். அக்கா திட்டத்தான் செய்தாள், செல்லமாக. "உனக்கு விரலா உலக்கையா தம்பி?" என்றாள். "இவ்ளோ பொறுமையா ஒரே பாட்டை யாருமே பழகி நான் பாத்ததில்ல, நீ பெரிய ஆளா வருவ" என்றும் ஒருநாள் எழுதினாள். மகளை அவர் ஒரு தடவைகூட அப்படிப் பாராட்டியது கிடையாது. அதை நினைத்து அன்று முழுக்க அவருக்கு வேலை ஓடவில்லை, அளந்து வைத்த துணியை மாற்றி வெட்டினார்.

வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்வார். அந்த அம்மாளுக்கு மூட்டுவலி, வெளியே அதிகம் போவதில்லை. சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றும் முன்பே கேள்வி வந்துவிடும். "இன்னைக்கு எழுதினாளா?" எழுதினாள் என்றால் அவள் முகமே வேறு. "நானும் ரெண்டு வார்த்தை போடட்டுமா?" என்று கெஞ்சுவாள். "வேண்டாம்டி. தெரிஞ்சா ஓடிடுவா. இப்படியாவது இருக்கட்டும்" என்பார். மனைவி சரியென்று தலையாட்டுவாள். அவர்கள் இரண்டு பேரும் உயிர் வாழ்ந்தது அந்த நாலு கோட்டில்தான்.

கெடுத்தது அவரேதான்.

மகள் தானே ஒரு மெட்டுக் கட்டியிருந்தாள். வார்த்தை இல்லாத பாட்டு. அதைக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதிப் போட்டுக்கொண்டு வந்தாள். கடைசிப் பகுதி மட்டும் பாக்கி இருக்கும்போது ஒரு குறிப்பு எழுதினாள்: "விரல் நுனியெல்லாம் வெடிச்சிருக்கு. தந்தியைத் தொட முடியல. ஆறினதும் மீதியைப் போடறேன்."

ஆணிவாயர் அப்போது கைத்தையல் போட்டுக்கொண்டிருந்தார். மடியில் தேன்மெழுகுக் கட்டி. தடித்த நூல் வழுக்கிக்கொண்டு போவதற்காக அதில் தேய்த்துத் தேய்த்து இழுப்பார்கள். பட்டறைக்காரர்களுக்கு அதுதான் மருந்தும். ஊசி குத்தினாலும் தோல் வெடித்தாலும் மெழுகை இளக்கித் தடவிக்கொள்வார்கள். மகளின் சின்ன விரல்களுக்கு அவர் எத்தனையோ தடவை தடவிவிட்டிருக்கிறார். யோசிக்கவே இல்லை. எடுத்துத் தட்டினார்: "நூலுக்குப் போடற மெழுகை லேசா சூடு காட்டி விரல்ல தடவிக்கோ. மேல பழைய துணி சுத்து. காய்ற வரைக்கும் பாத்திரம் கழுவாதே."

நல்ல காரியம் செய்த திருப்தியோடு அதை மிஷின்காரம்மாவுக்கு வாசித்தும் காட்டினார். மிஷின் நின்றது.

"என்னண்ணே எழுதிட்டீங்க?"

"ஏன், விரல் வெடிச்சிருக்குன்னு..."

"நூலுக்குப் போடற மெழுகுன்னு வேற யாருண்ணே சொல்லுவா?"

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அழித்துவிடலாம் என்று போனை எடுப்பதற்குள் பதில் வந்துவிட்டது. அதில் 'தம்பி' இல்லை. "எத்தனை நாளா இங்க இருக்கீங்க?"

"மன்னிச்சிடுன்னு போடுங்கண்ணே. மொதல்ல அதைப் போடுங்க" என்றாள் மிஷின்காரம்மா. ஆணிவாயர் தட்டினார், அழித்தார், மறுபடியும் தட்டினார். அந்த வார்த்தையை அவர் பிள்ளையிடம் சொல்லிப் பழக்கமில்லை, எழுதியும் பழக்கமில்லை. அவருடைய அப்பாவும் அவரிடம் சொன்னதில்லை. உட்கார்ந்திருந்த சோபாவை வாங்கிப்போக ஆள் வர, அவர் எழுந்து இன்னொன்றில் போய் உட்கார்ந்தார். கடைசியில் மனைவியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். "அம்மா உன்னைத் தேடறா" என்று எழுதி அனுப்பினார்.

அது போகவில்லை. பஞ்சுமூட்டை என்று யாரும் இல்லை என்றது தளம். அவள் எழுதிப் போட்ட பாட்டுகள், குறிப்புகள், திட்டல்கள், பாராட்டு எல்லாம் அவளோடு போயிருந்தன. அவர் எதையும் படம் பிடித்து வைத்துக்கொள்ளவில்லை. நாளைக்கும் இருக்கும் என்று இருந்துவிட்டார்.

"ஒரு வார்த்தை, அதைச் சொல்றதுக்குள்ள..." என்று மிஷின்காரம்மா ஆரம்பித்தாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடியும் மிஷினை ஓட்டத் தொடங்கினாள்.

மனைவியிடம் அவர் இன்னும் சொல்லவில்லை. சாயங்காலம் கதவைத் திறந்ததும் அதே கேள்வி. "எழுதினாளா?"

"எழுதினா."

"என்னவாம்?"

"விரல் ஆறிடுச்சாம்."

"புதுசா ஏதாவது போட்டிருக்காளா? வாசிச்சுக் காட்டுங்களேன்."

பட்டறையிலிருந்து கையோடு கொண்டுவந்த யுகுலேலேயில் கைக்கு வந்த எண்களைத் தன்பாட்டில் அமுக்கித் தட்டிக் காட்டுவார். அந்த அம்மாள் கண்ணை மூடிக் கேட்பாள். போன வாரம் ஒருநாள் கண்ணைத் திறந்து, "இதுல அவ சாயலே இல்லியே" என்றாள். "பழகப் பழக வரும்" என்று சொல்லிவிட்டுக் கை கால் கழுவப் போய்விட்டார். குழாயை மூடிய பிறகும் வெகுநேரம் வெளியே வரவில்லை.

இப்போது அந்தத் தளத்தில் அவர் எழுதிப் போட்ட ஒரே ஒரு பாட்டு இருக்கிறது. மகள் கட்டிய மெட்டு. மூளையில் நிற்காதது விரலில் நின்றிருந்தது. சாப்பாட்டு நேரமெல்லாம் விரல் போகிற இடத்தைப் பார்த்துப் பார்த்து எண்ணைச் சொல்லச்சொல்ல, மிஷின்காரம்மா ஏற்றிக் கொடுத்தாள். இயற்றியவர் யார் என்று கேட்டபோது, "அவ பேரைப் போடும்மா" என்றார். பஞ்சுமூட்டை என்றே போட்டாள். கடைசிப் பகுதி அவருக்குத் தெரியாது. நாலு கோட்டை மட்டும் இழுத்து எண் இல்லாமல் விட்டுவிட்டார்கள். "மீதியை அவதான் போடணும்" என்று அடியில் ஒரு வரி.

அந்தத் தளத்தில் குறையாக இருக்கும் பாட்டை யார் வேண்டுமானாலும் நிரப்பலாம், போட்டவர் நீக்கவும் செய்யலாம். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை, காலியாகக் கிடப்பதைப் பார்த்தால் கை சும்மா இருப்பதில்லை. அடிக்கடி யாராவது முடித்துவைக்கிறார்கள். யாராவது நிரப்பியிருக்கிறார்கள் என்று போன் சத்தம் கொடுக்கும்போதெல்லாம் அவர் பாதி வேலையில் சுத்தியலைப் போட்டுவிட்டு ஓடுகிறார். இதுவரை அவள் இல்லை.

நேற்று முடித்துக் கொடுத்தவர் யாரோ, சங்கீத விவரம் தெரிந்தவர். "அண்ணா, இவ்வளவு நல்ல மெட்டு பாதியில நிக்கறது மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு" என்று ஒரு குறிப்பும் எழுதியிருந்தார். ஆணிவாயர் யுகுலேலேயை எடுத்து வாசித்துப் பார்த்தார். எப்போது விட வேண்டும் என்று யாரும் சொல்லாமலே அன்றைக்கு விரலுக்குத் தெரிந்திருந்தது. பாட்டு முதன்முறையாகக் கடைசிவரை போய் நின்றது. மிஷின்காரம்மா தைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, நல்லா இருக்கே. இதை விட்டுடுங்களேன்."

"நல்லாத்தான் இருக்கு" என்றார்.

யுகுலேலேயை மடியில் படுக்கவைத்துவிட்டுப் போனை எடுத்தார். கடைசிப் பகுதியில் விரலை வைத்து, ஓர் எண் அழித்தார், அடுத்ததை அழித்தார், நாலு கோடும் மறுபடி காலியாகிறவரை.