சத்தம் போடாத முதுகு

மசாஜ் தொழிலில் கையைவிடக் காதுதான் முக்கியம். படுத்திருப்பவர் 'ஆ' என்றால்தான் எங்கே நிறுத்துவது என்று தெரியும். முதுகைப் பிடித்துக்கொண்டு இதைப் படிக்கும் உங்களுக்கும் அது தெரிந்திருக்கும்.

ரயில் தோள்

தங்கச் சுரங்க ஊரான ஆண்டர்சன்பேட்டையில் ஒற்றை மேசை போட்ட கடை என்னுடையது. பிரகாஷ் தினமும் பெங்களூருக்கு ரயிலில் போய்வருபவன். போக வர நின்றுகொண்டேதான். ஒரே தோளில் லேப்டாப் பை. தோள் கல்லாக இறுகியிருந்தது. நான் எண்ணெய் பாட்டிலைத் திறந்தாலே கத்துவான். அவன் கத்தக் கத்த, எங்கே எவ்வளவு அழுத்தலாம் என்று எனக்குப் பிடிபட்டது. நான்காவது வாரம் வாசலில் வந்து நின்றான்.

"அங்கிள், வலியே இல்ல. நல்லா தூங்கி ட்ரெயின விட்டுட்டேன். மேனேஜருக்கு நீங்களே போன் போடுங்க."

அப்பா

அந்தச் சந்தோஷத்தில் தன் அப்பா தாமஸைக் கூட்டிவந்தான். சுரங்கம் மூடும்வரை அண்டர்கிரவுண்டில் வேலை செய்தவர். மனைவி இறந்தபின் அதிகம் பேசுவதில்லை. இடது தோள்பட்டைக்குக் கீழே ஒரு இறுக்கம். அழுத்தி, "வலிக்குதாண்ணே?" என்றேன். இல்லை என்று தலையாட்டினார். முழங்கையை வைத்தேன். அவர் மூச்சு ஒருமுறை நின்று வந்தது. அது என் காதில் விழுந்தது. விழுந்தும் நான் நிறுத்தவில்லை.

"அமுக்குப்பா. இன்னா, இது பாறைய விடவா கெட்டி?"

எக்ஸ்ரே

இரண்டு நாள் கழித்து பிரகாஷ் போன் செய்தான். விலா எலும்பில் விரிசல். வயதான எலும்பு, வலு இல்லை என்றாராம் டாக்டர். எலும்பைப் பற்றி நான் கேட்கவே இல்லை. கடையைப் பூட்டிவிட்டு அவர்கள் வீட்டுக்கு ஓடினேன். பிரகாஷ் முகம் கொடுக்கவில்லை. என் அப்பாவும் சுரங்கத்தில் இருந்தவர்தான். வலி என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. இந்த ஊர்க்காரனான எனக்கு அந்தத் தலையாட்டலின் அர்த்தம் தெரியாதா? கட்டிலில் சாய்ந்திருந்த தாமஸ் அண்ணன்தான் எனக்கு ஆறுதல் சொன்னார்.

"கீழ நான் வலின்னு உக்காந்தா, என் பங்கையும் கூட இருக்கறவன் தூக்கணும். வாய மூடியே பழகிட்டேன். நீ இன்னா பண்ணுவ?"

மறுபடியும்

எலும்பு கூடி, டாக்டர் சரி என்றபின், தனியாக வந்து மேசையில் படுத்துவிட்டார். வேண்டாம் என்றேன், எழவில்லை. உள்ளங்கையால் எண்ணெய் மட்டும் தடவினேன். "வலிச்சா சொல்லுங்கண்ணே" என்று கெஞ்சினேன். தலையணையில் முகத்தைப் புதைத்தபடியே பேசினார்.

"சொன்னா நீ கைய எடுத்துடுவ. வீட்ல என்னை யாருப்பா தொடறாங்க?"

வாரந்தோறும் வருகிறார்; வலியைப் போக்கும் தொழிலுக்கு வந்த நான், இந்த ஒரு மனிதர் ஒருமுறையாவது 'ஆ' என்று கத்த மாட்டாரா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறேன்.