ஜன்னலைச் சாத்து

எங்கள் நெல்வயலுக்கு மேல் டிரோன் மருந்தடிக்கிறது. அப்பா மாதிரி முதுகில் டேங்க் சுமக்க வேண்டாமே என்று நான்தான் வரச் சொன்னேன். நல்ல விஷயம்தான். ஆனால் எல்லா ஜன்னலையும் சாத்தியும் அந்த நெடி உள்ளே வந்துவிட்டது.

சின்ன வயதிலும் இப்படித்தான் அடைந்து கிடந்தேன். நிலக்கடலை போட்டிருந்த மல்லாட்டைக் கொல்லை முழுக்கக் கம்பளிப்பூச்சி. அப்பா புது மருந்தைக் கலக்கத் தொடங்கியதும் அம்மா என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். புழுக்கத்தில் சட்டை முதுகோடு ஒட்டியது.

"இனிமே உலகத்துல பூச்சியே இருக்காது பாரு!" வெளியிலிருந்து அப்பா கத்தினார்.

"எல்லாம் செத்துட்டா நாம மட்டும் இருந்துடுவோமா?" என்று அம்மா முனகினாள்.

அந்த வருஷம் கொல்லை பிழைத்தது. வயிறாரச் சாப்பிட்டோம், அதை மறுக்க மாட்டேன். மறுவருஷமே பூச்சி திரும்பி வந்தது. அப்பா இன்னும் காட்டமான மருந்து வாங்கி வந்தார். நான் மறுபடி உள்ளே.

"எப்பம்மா தொறப்ப?" என்று அழுவேன்.

"நாத்தம் போவட்டும்டா, தொறந்துடறேன்."

இப்போது என் மகள் கண்ணாடியில் முகத்தை அழுத்திக்கொண்டு நிற்கிறாள்.

"எப்பப்பா தொறப்பீங்க?"

"நாத்தம் போவட்டும்மா."

அம்மா செத்தே பல வருஷமாகிறது. அந்த நாத்தம் இன்னும் போகவில்லை.